வெயிலில் ஒரு மழைக்கோட்டு

மாடம்மாளுக்குக் குதிரையென்றாலே ஆகாது. ஆகாத பிராணியோடுதான் வாழ்க்கை என்று தலையில் எழுதியிருந்தால் என்ன செய்வது? புருஷன் வீரபாண்டி, பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கியாக வேண்டுமென்று சின்ன வயசில் கிண்டி ரேஸ் கோர்ஸுக்குப் போய், உடம்பு வளர்ந்து கனம் கூடிவிட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டவன். இப்போது மலையாள நாட்டில், சங்குமுகம் கடற்கரையில், ஓடி ஓய்ந்த பந்தயக் குதிரை ஒன்றில் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிறான். குதிரை முதலாளியுடையது. குடியிருப்பு, லாயத்தை ஒட்டிய ஒற்றை அறை.

தொண்ணூற்றெட்டில் வேனல் லீவுக்குப் பள்ளிக்கூடம் அடைத்ததும் அவளுக்குப் பயம் தொடங்கியது. அவள் தம்பானூர் ஹோட்டலில் மாவாட்டப் போய்விடுவாள். ஏழு வயது மகன் பிரவின்ராஜும் குட்டி மகள் ஷிஜாவும் நாள் முழுக்கக் குதிரையின் காலடியில். கிரைண்டர் அது பாட்டுக்குச் சுற்றும். அவள் மனசு கடற்கரையில் சுற்றும். உதைத்திருக்குமோ? மிதித்திருக்குமோ? இந்த மனுஷன் பார்த்துக்கொள்கிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா!

பையன் சாப்பாட்டிலும் உயிரை வாங்கினான். இரண்டு வாய் வாங்கியதும் "மதிம்மா, மதி" என்று மலையாளத்தில் போதும் சொல்லி அவள் கையை மறித்துவிடுவான்.

"அப்பனும் மவனும் காத்தத் தின்னே காலத்த ஓட்டுங்க!" என்று கத்துவாள்.

வீரபாண்டிக்கும் பாதித் தோசை, பாலில்லாமல் ஒரு கட்டன் சாயா, அவ்வளவுதான். எடை குறைக்கப் பட்டினி கிடந்த பழக்கம் இன்னும் விடவில்லை. அதைப் பிள்ளைகளிடம் பெருமையாகக் கதை வேறு அளப்பான். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் ஓடுவானாம், வியர்த்துக் கொட்டி எடை இறங்குமாம். கதைதானே என்று மாடம்மாளும் விட்டுவிட்டாள்.

ஒரு மத்தியானம் ஹோட்டலுக்குப் போன் வந்தது. கடற்கரையில் கடலை விற்கும் ரத்னாபாய்.

"மாடம்மா, ஒன் மோன் விழுந்துட்டான். வேகம் வா!"

குதிரைதான். வேறென்ன? ஆட்டோவில் வழிநெடுக அந்தக் குதிரையைத் திட்டித் தீர்த்தாள். போய் இறங்கினால், அது நிம்மதியாகப் புல் மென்றுகொண்டு நின்றது. பையன் நிழலில், ரத்னாபாய் மடியில் சாய்ந்து, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட நாரங்கா வெள்ளத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. பக்கத்தில் அவனுடைய ஸ்கூல் மழைக்கோட்டு, உள்பக்கம் முழுக்க வியர்வை. அதை மாட்டிக்கொண்டு வெயிலில் ஓடினானென்று ரத்னாபாய் சொன்னாள்.

"எதுக்கு மக்கா இத மாட்டிக்கிட்டு ஓடுன?" என்று கேட்டாள் மாடம்மாள்.

"காலைல குதிரைல ஏத்துறப்ப அப்பா சொன்னாங்க, ‘கனம் கூடிட்டியேடா’ன்னு. கூடுனா அப்பா மாதிரி என்னையும் ரேஸ்ல சேக்காமத் திருப்பி அனுப்பிருவாங்கல்ல?"

குதிரைப் பக்கம் நின்ற வீரபாண்டி வந்து பையன் முன்னால் குந்தினான். "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டா..."

மாடம்மாள் மழைக்கோட்டைச் சுருட்டிப் புருஷன் மேல் எறிந்தாள். "குதிரைக்குப் பயந்து பயந்து செத்தேனே! அது எம் புள்ளைய ஒண்ணுஞ் செய்யல. நீங்கதான் கொல்லப் பாத்தீங்க."

ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வீடு வந்து, பையனுக்குச் சோறும் மீன்குழம்பும் வைத்தாள். அவன் தட்டைப் பார்க்கவில்லை. அப்பனின் தட்டைப் பார்த்தான். பாவி மனசே, தினமும் அப்பன் தட்டைப் பார்த்துத்தானே அளந்து தின்றிருக்கிறான்! மாடம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. அகப்பையை எடுத்துப் புருஷனின் தட்டில் சோற்றைக் குவித்தாள்.

"தின்னுங்க."

வீரபாண்டி சோற்றில் குழம்பை ஊற்றினான். பிசைந்து தின்றான். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி தின்றான். மாடம்மாள் அகப்பையைக் கீழே வைக்காமல் நின்றாள். தட்டு காலியானதும் வீரபாண்டி அதை அவளிடம் நீட்டினான்.

"இன்னுங் கொஞ்சம் போடு."

பிரவின்ராஜ் அப்பனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தன் தட்டைப் பக்கத்தில் இழுத்தான்.