விண்வெளிக்குப் போகவிருந்த சலாது

உங்கள் உயிர் நண்பனை நம்பி ஒரு பிளக்கை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நானும் அவனும் ஒரே வகுப்பு, ஒரே வாடகை அறை. அதற்குள்தான் என் இறுதியாண்டு ஆய்வு ஓடியது: விண்கலத்துக்குள் சலாது வளர்ப்பது எப்படி. லெட்டூஸ் என்று ஹோட்டலில் தட்டு ஓரத்தில் வைப்பார்களே, அதுதான். மாதக்கணக்காகப் பக்கற்றில் அடைத்த சாப்பாடு தின்று நாக்குச் செத்துப்போன விண்வெளி வீரர்களுக்கு ஒரு பச்சை இலை. மண் கிடையாது. மூடிய பெட்டி, ஊதா வெளிச்சம், ஒரு மின்விசிறி, வேருக்குத் தண்ணீர் சுற்றிவர ஒரு குட்டி மோட்டர். நம் வெக்கைக்குச் சலாது சட்டென்று தண்டுவிட்டுக் கசந்துபோகும். அதனால் வீட்டுக்கார அக்காவின் ஃபிரிஜ்ஜில் உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களைத் தொட்டிக்குள் இறக்குவோம். அவனும் கூடவே நின்று இறக்கினான், பொய் சொல்லக்கூடாது.

அக்காவுக்கு அந்த ஊதா வெளிச்சத்தில் சந்தேகம். “என்ன தம்பிமார், உள்ளுக்க தவறணையா நடத்துறீங்க? சாராயம் கீராயம் இரிக்கா?”

“கீரைக்கா. விண்வெளிக்குப் போற கீரை.”

“அங்க ஆருடா அதச் சுண்டிக் குடுக்கிற?”

மதிப்பீடு திங்கட்கிழமை காலை. தேறினால் பட்டம், இல்லையென்றால் இன்னொரு வருடம். அதற்கு முந்தின சனி ஞாயிறு பார்த்து எங்கள் ஊர்க் கொக்கட்டிச்சோலையில் தேர். அம்மா போனில் விடவில்லை. “மனே, கீரைய ஆரும் பாத்துக்கொள்ளுவாங்க. நீ வா.”

“போ மச்சான், புள்ள மாதிரிப் பாக்கிறன்” என்றான் அவன். போனேன்.

திங்கள் காலை பஸ்ஸிலிருந்து நேரே மண்டபத்துக்கு ஓடினேன். பெட்டியை அவனே தூக்கிவந்து மேசையில் வைத்திருந்தான். உள்ளே சலாது புசுபுசுவென்று, நான் விட்டுப்போனதைவிடப் பெரிதாக. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டு நாளில் என்ன வளர்ச்சி பாருங்கள் என்று வாய்கிழிய அளந்துவிட்டேன். மதிப்பீடு செய்ய வந்த மெடம் சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிடித்துத் தூக்கினார். கத்தியால் வெட்டிய அடி. வெட்டு தேநீர்க் கறை மாதிரிப் பழுப்பேறியிருந்தது.

“தம்பி, இதுட வேர் எங்க?”

“உள்ளுக்க இரிக்கும் மெடம்.” அடுத்ததை இழுத்தேன். வேரில்லை. அதற்கடுத்ததில் கடைக்காரன் போட்ட றப்பர் பாண்டே கிடந்தது.

பின்வரிசையில் ஒருவன், “சந்தையில இருந்து நேரா சந்திரனுக்கு!” என்றான். மண்டபமே வெடித்தது.

“ஒவ்வொரு நாளும் எடுத்த படம் போன்ல இரிக்கு மெடம்” என்றேன்.

“படம் ஆரும் எடுக்கலாம் தம்பி. இத ஆர் வச்ச?” என்று கேட்டுவிட்டு மெடம் என் பக்கத்தில் நின்ற அவனையும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு சொன்னான்: “எனக்குத் தெரியா மெடம். நான் பெட்டியத் தூக்கிட்டு வந்த மட்டுந்தான்.”

வெளியே வந்ததும் சட்டைக் கொலரைப் பிடித்தேன்.

“ரைஸ் குக்கருக்குப் பிளக் வேணுமெண்டு கழட்டினன்டா. மறுகா மாட்ட மறந்திட்டன். பாக்கக்குள்ள எல்லாம் அவிஞ்சு கிடந்திச்சு. நீ அழுவாய் எண்டுதான் கடையில வாங்கி வச்சன்.”

“அத உள்ளுக்க சொல்லியிருக்கலாமேடா!”

“சொன்னா என்ட ஆய்வையும் கிண்டுவாங்களே மச்சான்.”

மச்சானாம். பசித்தது, சோறு போட்டான், மறந்தான். அதற்கு நாலு அடி போட்டுவிட்டு இரண்டு பேருமாகத் திரும்ப விதைத்திருப்போம். ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தால் அவிந்த செடியையே கொண்டுபோய் வைத்திருப்பேன், மோட்டர் நின்றால் என்ன ஆகும் என்பதும் ஆய்வுதானே. அவன் என்னைக் கள்ளச் சலாதுக்கு முன்னால் நிறுத்திப் பேசவிட்டு, நான் அளந்ததை முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றான். இன்றைக்கும் கன்டீனுக்குள் போனால் எவனாவது, “என்ன மச்சான், வேர் விட்டிச்சா?” என்கிறான்.

அவன் தேறிவிட்டான். என்னை முதலிலிருந்து செய்யச் சொல்லிவிட்டார்கள். போன கிழமை, “இன்னும் கோவமா மச்சான்?” என்று மெசேஜ் போட்டிருந்தான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டியின் பிளக் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன்.