அடக்கு என்று சொன்னவள் நான்

எனக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனாலும் "டூரெட்" என்று மட்டும் தப்பில்லாமல் எழுதுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. என் மகள் செல்விக்கு இருக்கும் நரம்புக் கோளாறின் பெயர் அது.

அப்போது அவளுக்குப் பத்து வயது. கழுத்து வெட்டி இழுக்கும், கூடவே கீச்சென்று ஒரு சத்தம் வரும். பேய்தான் என்று ஊரார் சொன்னதை நம்பி, மந்திரிக்க ஓசூரிலிருந்து பேரிகை ஊருக்குப் போகும் பஸ்ஸில் கூட்டிப் போனேன். சத்தம் வராமலிருக்க அவள் வாயில் வெற்றிலையைச் சுருட்டி வைத்திருந்தேன். பாகலூர் தாண்டியதும் வெற்றிலை தெறித்து விழ, கீச்சென்றாள். கண்டக்டரின் விசில் என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

"யாரும்மா அது, என் வேலையப் பாக்குறது?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மானம் போன கோபத்தில் பிள்ளையை அறைந்தேன்.

மறுபடி ஓங்கிய கையைப் பக்கத்து சீட்டு வளையல்கார பாயம்மா பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதக்கா! எங்க அண்ணனுக்கும் இதேதான். நரம்புக் கோளாறுன்னு பெங்களூரு டாக்டர் சொன்னாரு. அடக்க அடக்க ஜாஸ்திதான் ஆவும். அவரு இப்ப கம்பெனியில லேத்து மெஷினு ஓட்டுறாரு, தெரியுமா?"

லேத்தா! பேயில்லை! என் பிள்ளையும் பிழைத்துக்கொள்வாள்! செல்வியோடு அங்கேயே இறங்கினேன். அந்த டாக்டரிடம் தானே கூட்டிப் போவதாக பாயம்மாவும் வளையல் கூடையோடு இறங்கிவிட்டார். ஓசூர் திரும்பும் எதிர் பஸ்ஸுக்கு மூவரும் ஓடினோம்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் கேட்கத் தோன்றியது. "கழுத்து வலிக்குதா, கண்ணு?"

"தெனமும் வலிக்கும்மா."

மூன்று வருஷமாக "அடக்கு, அடக்கு" என்றேனே தவிர, இதை ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எந்தப் பிள்ளைக்கு இப்படி இழுத்தாலும், வீடு தேடிப் போய் அதைத்தான் முதலில் கேட்கிறேன்.