பம்பாய்க்கு இரண்டு மணி நேரம்

விமானச் சத்தம் தலைக்கு மேல் கேட்டதும், அம்மா அரைத்துக்கொண்டிருந்த தோசைமாவு கையிலிருந்து சொட்டச் சொட்டக் கொல்லைப்பக்கம் வந்து அண்ணாந்து பார்ப்பாள்.

எழுபதுகளின் தொடக்கம். மயிலாப்பூரில் மாடவீதியை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தோம். பத்மா அக்காவுக்குப் பம்பாய் வரன் வந்தபோது, அவ்வளவு தொலைவில் பெண்ணைக் கொடுப்பதா என்று அம்மா தயங்கினாள். பள்ளி ஆசிரியரான அப்பா என் அட்லஸைப் பிரித்து, இரண்டு ஊருக்கும் நடுவே அடிக்கோலை வைத்து அளந்துவிட்டு, "நேர்கோட்டுல அறுநூத்திச் சொச்சம் மைல்தான். பிளேன்ல ரெண்டு மணி நேரம்" என்றார். அதையே பிடித்துக்கொண்டு அம்மாவும், கேட்டவர்களிடமெல்லாம், "திருவான்மியூருக்கு பஸ்ல போயிட்டு வர நாழிதான்" என்று சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் விமானம் ஏறியதில்லை. அக்கா புக்ககம் போனதும் ரயிலில்தான்.

பிரசவத்துக்கு அவளை அழைத்துவர நாள் பார்த்திருந்தார்கள். அதற்குள் ஆடி மாதக் காலை ஒன்றில் எதிர்வீட்டு வக்கீல் மாமாவின் வீட்டுக்கு 'டிரங்கால்' வந்தது. குறைமாதத்திலேயே வலி கண்டுவிட்டது, நிலைமை சரியாக இல்லை, உடனே கிளம்பி வரவேண்டும் என்றார் மாப்பிள்ளை. மாமா எப்படியோ டிக்கெட் வாங்கி, அப்பா அம்மாவோடு என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு மீனம்பாக்கம் போனார்.

விமானம் கிளம்பவில்லை. அம்மா, பெட்டி தூக்கும் ஆளிடம்கூடக் கேட்டுப்பார்த்தாள்.

"பம்பாய்ல மழை கொட்டிக்கினு கீதும்மா. உட்டாதான் கெளம்பும்."

"ரெண்டு மணி நேரம்னுதானே சொன்னேள்?" என்று அப்பாவிடம் திரும்பினாள்.

சாயங்காலம் ஒருவழியாக விமானம் ஏறினார்கள். நானும் மாமாவும் வீடு திரும்பியபோது மாமி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஏன்னா, இப்பதான் போன் வந்தது. பத்மா போயிட்டா. குழந்தை மட்டும் பொழைச்சிண்டுடுத்தாம்."

அம்மா அப்போது வானத்தில் இருந்தாள், அவளுக்குத் தெரியாது. தெரிந்த நான், மாமியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த விமானம் தரையிறங்கவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். இறங்காதவரை அம்மாவுக்கு அக்கா இருக்கிறாள் அல்லவா?

குழந்தையோடு அவர்கள் ரயிலில் திரும்பினார்கள். அதற்கு அக்காவின் பெயரையே வைத்து, அம்மாவே வளர்த்தாள்.

வெகுநாள் கழித்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "பிளேன்ல எனக்கு ஒரே பயம். அதை மறக்கறதுக்கு, குழந்தைக்கு என்ன பேர் வைக்கலாம்னு உங்கப்பாவும் நானும் பேசிண்டே போனோம். பொண்ணாப் பொறந்தா இதுதான்னு ஒண்ணை முடிவும் பண்ணிட்டோம்."

அது என்ன பெயர் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சந்தில் இன்று எங்கள் வீடு இல்லை, வக்கீல் மாமா வீடும் இல்லை. அந்தப் பெயரைத் தெரிந்திருந்த இரண்டு பேரும் போய்விட்டார்கள்.