கை நீட்டியே வேலையை வாங்கிட்டா

புதுக்கோட்டையில லேப் வேலைக்கு இன்டர்வியூ. இருக்குறதே ஒரு எடம். ரெண்டு ரெண்டு பேரா கூப்புட்டாங்க. கடைசி ஜோடியில என்கூட வந்தவ மணமேல்குடிக்காரி. எண்ணெ வழியிற தலை, எந்நேரமும் துப்பட்டா நுனியைக் கடிச்சுக்கிட்டே இருந்தா.

"பாக்டீரியா எப்புடி செல்லுக்குள்ள நுழையுது?"ன்னு சார் கேட்டாரு. பாக்டீரியாவோட வெளிச்சவ்வுல இருக்குற புரோட்டீன் பேரையெல்லாம் நான் கடகடன்னு ஒப்பிச்சேன். அவ சாருகிட்ட கையை நீட்டுனா. அவரும் தன்னால கை குடுத்துட்டாரு.

"இப்புடித்தான் சார். அந்தப் புரோட்டீன் போயி கை குடுக்கும். செல்லு நம்ம ஆளுன்னு நெனச்சு, அதுவே உள்ள இழுத்துக்கிரும்."

வேலை அவளுக்குத்தான்னு சார் அங்கேயே சொல்லிட்டாரு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. வெளிய வந்ததும், "அக்கா, அந்தப் பேரெல்லாம் எழுதித் தாங்கக்கா, எனக்கு நெனவே நிக்கல"ன்னு கெஞ்சுனா. எழுதிக் குடுத்தேன், ரெண்டை மட்டும் வேணும்னே விட்டுட்டு.