நிறுத்த முடியாத பதினோரு நாள்

டிராக்டர் செய்யும் அந்தப் பெரிய கம்பெனியின் பின்கோடியில் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. அங்கே பதினாறு வருஷம் வேலை பார்த்தவளுக்கு ‘வடிகட்டி அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வடிகட்டித் துணியை வெட்டுவது, தைப்பது, சோதனைக்கு முன்னும் பின்னும் எடை போட்டு எழுதுவது, இவைதான் வேலை. படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் துணியை விரலால் நெருடிப் பார்த்தே, “இது தாங்காது சார்” என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது பலிக்கும்.

அவள் கணவன் அதே கம்பெனியில் பெயின்ட் அடிப்பவன். நாளெல்லாம் டிராக்டருக்குச் சிவப்பு அடித்துவிட்டு, தேய்த்துக் குளித்து வந்தாலும் காது மடலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

“என்னங்க, கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆச்சு, இன்னுமா வெட்கம்?” என்று கேலி செய்வாள்.

பெயின்ட் அறையின் காற்று ஒரு வடிகட்டி வழியாகப் போய், சுற்றித் திரும்ப அறைக்கே வரும். கண்ணுக்குத் தெரியும் துளிகளை வடிகட்டி பிடித்துவிடும். தெரியாத துளிகள் தப்பித்து ஆட்களின் மூக்குக்கே வந்து சேரும். அவற்றைப் பிடிக்கத்தான் தலைமைப் பொறியாளர் நாலு வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார். செலவு ஏறியது, பலன் ஒன்றுமில்லை.

ஒருநாள் துணி போதவில்லை. மிஞ்சிய துண்டுகளில் அவள் ஒன்றை நெடுக்காகவும் அடுத்ததைக் குறுக்காகவும் மடித்துத் தைத்து மாட்டிவிட்டாள். சோதனை முடிந்து எடை போட்டபோது எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. எடை எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு துளிகளைத் துணி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். தராசைத் துடைத்து மறுபடி போட்டாள். அதே எண்.

“சார், தராசு பொய் சொல்லுது.”

பொறியாளர் வந்து பார்த்தார். “தராசு சரியாத்தான் இருக்கு. நீ என்ன பண்ணினே?”

“துணி பத்தல சார். மிச்சத்தைக் குறுக்க வச்சுத் தைச்சேன். திட்டாதீங்க.”

அவர் திட்டவில்லை. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார்.

இரண்டு வருஷம் விதவிதமாகச் சோதித்தார்கள். வடிகட்டி அசரவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, “மடிச்சது அவங்க, கணக்குப் போட்டதுதான் நான்” என்று மேலிடத்தில் வாதாடி, அவள் பெயரை முதலில் போட வைத்தார் பொறியாளர். உரிமை கம்பெனிக்கு என்று எழுதிய தாளில் அவளும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். ஆண்டறிக்கையில் அவள் படம் வந்தது. ‘புதுமையே எங்கள் மூச்சு’ என்று கொட்டை எழுத்தில் மேலே போட்டிருந்தார்கள்.

ஆனால் பெயின்ட் அறையில் அதைப் பொருத்த வேண்டுமானால் குழாய்களை அறுத்து மாற்ற வேண்டும். பதினோரு நாள் உற்பத்தியை நிறுத்த வேண்டும்.

“பதினோரு நாளா? பதினோரு மணி நேரம் நின்னாலே என் தலை உருளும்” என்றார் உற்பத்தி மேலாளர்.

அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வருஷம் ஆராய்ச்சிக்கான நிதியெல்லாம் கண்காட்சியில் வைப்பதற்காக, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் டிராக்டர் ஒன்றுக்குப் போனது. பொறியாளர் மனம் வெறுத்து ஓய்வு வாங்கிக்கொண்டார். வடிகட்டி அக்காவைக் கையுறை எடுத்துக் கொடுக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள்.

அதற்குள் கணவனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவான். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னதை மனைவியோடு கேட்டுக்கொண்டு வீடு வந்தவன், அவள் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்தான்.

“நீ வடிகட்டியைக் கண்டுபிடிச்சே. டாக்டர் என் நெஞ்சுல பெயின்ட்டைக் கண்டுபிடிச்சிருக்காரு. ஒரே வீட்டுல ரெண்டு கண்டுபிடிப்பு, பார்த்தியா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே மேலாளர் அறை வாசலில் போய் நின்றாள். “வடிகட்டி போடாட்டி போகுது சார். அவரையாவது அந்த அறையிலேர்ந்து மாத்துங்க.” மாற்றல் கிடைத்தது, ஏழு மாதம் கழித்து. அதற்குப்பின் அவன் ஒன்றரை வருஷம் இருந்தான். கடைசி நாட்களில் படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்கினான். அப்படியே போனான்.

வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இரும்பு அலமாரி செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. பெயின்ட் அடிப்பவர்கள் அங்கே நாலு பேர். துக்கம் கேட்க வந்த பட்டறைக்காரர், வடிகட்டி விஷயத்தைக் கேட்டதும், “எங்களுக்கு ஒண்ணு செஞ்சு தாங்கம்மா” என்றார். கம்பெனி மூலையில் போட்டதை யார் பயன்படுத்தினால் என்ன என்று நினைத்தாள். தன் கையாலேயே தைத்து மாட்டிக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் அங்கே தும்மல் சத்தம் அடங்கியது. பட்டறைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ‘நச்சுக்காற்று இல்லாத பட்டறை’ என்று வாசலில் பலகை எழுதி மாட்டினார்.

பலகையை யாரோ பார்த்துவிட்டார்கள். கம்பெனியிலிருந்து பட்டறைக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. கூட இணைத்திருந்த காப்புரிமைத் தாளில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் முதலில் இருந்தது அவள் பெயர்.

நோட்டீஸை எடுத்துக்கொண்டு கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

“உங்க மேல எந்த நடவடிக்கையும் இல்லம்மா. ஆனா அது கம்பெனி சொத்து. விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் செய்வாங்க.”

“எல்லாரும் செய்யட்டுமே சார். நீங்களும்தான் செய்யுங்களேன்.”

“அது என் பிரிவு இல்லம்மா.”

அன்று மாலை பட்டறைக்காரர் அவள் எதிரிலேயே வடிகட்டியைக் கழற்றினார். “கோர்ட்டு கேஸுன்னு அலைய எனக்குத் தெம்பில்ல தாயி. மன்னிச்சிடு” என்றார். பெயின்ட் அடிக்கும் நாலு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அலமாரிகள் காத்திருந்தன. அவர்களில் மூத்தவர் ஒரு துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு பெயின்ட் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

அவள் கிட்டே போனாள். துண்டை அவிழ்த்து, இரண்டாக மடித்து, காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டாள்.

“போதும்க்கா, மூச்சு முட்டுது” என்றார் அவர்.

“முட்டட்டும். அவிழ்க்காதீங்க” என்றாள்.