வெறும் சுவர் இல்லை அது

கிளவுடில் இடம் நிறைந்துவிட்டதால் புதுப் படம் ஏறவில்லை. இன்று ஹாலிஎலவில் ஒரு கம்யூனிகேஷன் கடையில், இடம் பண்ணித் தரச் சொல்லி போனைக் கொடுத்தேன்.

கடைக்காரர் சிரித்தபடி திருப்பித் தந்தார். "ஒரே செவுரு படமா இருந்துச்சுங்க ஐயா. ஒண்ண மட்டும் வச்சிட்டு மத்ததெல்லாம் அழிச்சிட்டேன்."

"யாரக் கேட்டு அழிச்சீங்க?"

"கல்யாணப் படத்தையா அழிச்சேன்? வெறும் செவுருதானே."

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுச் சுவர் அது. மண் சரிகிற மலையில் நிற்கிறது. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரே இடத்தில் நின்று அதிலுள்ள வெடிப்பைப் படமெடுத்து, மாதத்துக்கொரு ஃபோல்டராக வைத்திருக்கிறேன். பார்க்க வருகிற அதிகாரிகள் "இது பழைய வெடிப்பு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது வளர்கிறது என்று காட்ட எங்களிடம் அந்தப் படங்களை விட்டால் ஒன்றுமில்லை.

"அழிச்சதெல்லாம் அதுலயே குப்பைத் தொட்டியில கெடக்கும். எடுங்க," என்றேன்.

"கூட்டம் நிக்குதுங்க. நாளைக்கு வாங்க."

"நிக்கட்டும். நானும் நிக்கிறேன்."

எல்லாவற்றையும் மீட்ட பிறகுதான் நகர்ந்தேன். இடத்துக்காக, இந்தக் குரூப்பில் நீங்கள் எல்லாரும் அனுப்பிய காலை வணக்கப் படங்களை அழிக்கச் சொன்னேன். கோபித்தாலும் சரி.

முதல் படத்தையும் நேற்றைய படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். அந்தச் சுவரை ஒட்டித்தான் என் மகள் பிள்ளைகளோடு படுக்கிறாள். இரண்டும் ஒரே படம்தானா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.