அக்காவுக்குத் தெரிந்த பி எழுத்துச் சொற்கள்

எனது ஒரே உடன்பிறப்பான அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இன்றைய திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பலர் அவரை உயிலங்குளத்து வயலில் கண்டிருப்பீர்கள். சிலர் அதற்கு முந்திய காலத்தில், கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போட்ட பெண்ணாக அறிந்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் ஒரேயொரு எழுத்தில் தொடங்கும் சொற்கள் மட்டும் அவருக்குக் கரைத்துக் குடித்த பாடம் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். அதனால் நான் அடைந்த நன்மையை எல்லோரும் அறியவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா தீவில், தாழ்வுபாட்டில் பிறந்தார். அப்பா கடற்றொழிலாளி. எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது அம்மா காய்ச்சலில் காலமானார். அன்றிலிருந்து என் தலையை வாரியதும், சோறு ஊட்டியதும், பிழை செய்தால் அடித்ததும் அக்காதான். அவருக்குப் பதினான்கு வயதானபோது யுத்தத்தால் நாங்கள் இடம்பெயர்ந்தோம். பெருநிலப் பக்கத்தில் ஒரு கோயில் வளவில், தறப்பாள் கொட்டிலில் இருந்தோம். அக்காவின் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது.

அந்த வளவின் வாசலில் ஒருவர் கடலை விற்பார். ஒரு தடித்த ஆங்கில–தமிழ் அகராதியைத்தான் தாள் தாளாகக் கிழித்துச் சுருள் சுற்றிக் கொடுப்பார். அக்கா அதைக் கண்டுவிட்டு அவரிடம் போய்க் கேட்டார்.

“ஐயா, அந்தப் புத்தகத்தை எனக்குத் தாறீங்களோ? படிக்கப் போறன்.”

“முழுக்கத் தந்தால் நான் கடலையை எதில சுத்துறது பிள்ளை? ஏ எழுத்து முழுக்கக் கடலையோட போட்டுது. இந்தா, பி எழுத்தைக் கொண்டு போ. மிச்சம் எனக்கு வேணும்.”

நூல் தைத்தபடியே ஒரு கட்டுத் தாளைப் பிரித்துக் கொடுத்தார். அந்த மனிதரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது.

அக்கா அந்தத் தாள்களை இரண்டு வருடம் படித்தார். பிரெட், போட் போன்ற எல்லோருக்கும் தெரிந்த சொற்களில் தொடங்கி, ஆங்கில வாத்தியாரே கேள்விப்பட்டிராத சொற்கள் வரைக்கும் போனார். வள்ளத்தின் அடியில் ஒட்டிக்கொள்ளும் சிப்பி பார்னக்கிள். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீர் பிராக்கிஷ். ஆளை ஏய்த்துக் குழப்புவது பம்பூசில். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தால், “பம்ப்ஷஸ் வாறா, வழி விடுங்கோ” என்பார். தலைக்கனம் பிடித்தவர் என்று பொருள். பல வருடங்களுக்குப் பிறகுதான் எனக்கு அது விளங்கியது.

வள்ளத்தின் அடியில் தேங்கும் தண்ணீருக்குப் பில்ஜ் என்று பெயர் என அப்பாவிடம் ஒருநாள் சொன்னார். அப்பா சிரிக்கவில்லை.

“இங்கிலீசில பேர் சொன்னா அந்தத் தண்ணி தானா வெளியில போயிடுமோ? இறைக்கத்தானே வேணும்.”

“இறைக்கிறதுக்கும் பி எழுத்தில ஒரு சொல் கிடக்குது அப்பா. பெயில்.”

அப்பா அதற்குப் பிறகு அவரைக் கேலி செய்ததில்லை.

ஊர் திரும்பியதும் அக்கா வாடி வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில்தான் நான் சாதாரணதரம் வரை படித்தேன். நான் படித்த ஆங்கிலமெல்லாம் பள்ளியோடு மறந்துபோக, அவருக்கு அந்த ஒற்றை எழுத்து மறக்கவேயில்லை. உயிலங்குளத்து அத்தானை மணந்து வயலுக்குப் போன பிறகும் அப்படித்தான். பேங்க் என்றால் வங்கி மட்டுமல்ல, நீர்க்கரையும்தான் என்று அகராதியில் இருந்ததாம். குளக்கட்டில் மாடு பார்க்கப் போகும்போது, “பேங்குக்குப் போயிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுப் போவார். அத்தானும் முகத்தை மாற்றாமல், “பாஸ் புத்தகத்தைக் கொண்டு போம்” என்பார்.

இனி என் கதைக்கு வருகிறேன். எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று வருடத்தில் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை என் கணவர் போய் ரிப்போர்ட்டை வாங்கி வந்தார். டொக்டரைப் பார்ப்பது திங்கட்கிழமை. எங்களுக்குப் பொறுமை இல்லை. ஒரு கந்தோரில் வேலை செய்யும் எங்கள் சித்தப்பாவின் மகனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். தம்பி தாளை விரித்தான். அவன் கண் ஓரிடத்தில் நின்றது. முகம் வெளிறியது.

“மலிக்னன்சி எண்டு போட்டிருக்கு,” என்றான். “அது புற்றுநோய்.”

என் கணவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். வீடு செத்தவீடு மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளை யாரிடம் விடுவது என்று நான் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். செய்தி கேட்டு அக்கா அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்தவர் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. தாளை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினார்.

“இந்தா கிடக்கு. பெனிக்ன்.”

“அக்கா, மலிக்னன்சி எண்டு இருக்குதே,” என்றான் தம்பி.

“அது எம் எழுத்து. எனக்குத் தெரியாது. இது பி எழுத்து. பெனிக்ன் எண்டா கெடுதல் இல்லாதது. நீ வாசிச்ச சொல்லுக்கு முன்னால என்ன கிடக்கு? அதையும் வாசி.”

தம்பி மெல்ல வாசித்தான். “நோ எவிடன்ஸ் ஒவ்…” அடுத்த சொல் அந்த மலிக்னன்சிதான்.

“நோ எண்டா இல்லை எண்டுதானே?” என்றார் அக்கா.

பதறிய கண்ணுக்கு அந்தச் சின்னச் சொல் தெரியாமல் போயிருந்தது. தம்பியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என்மேல் வைத்த பாசத்தால்தான் அவன் பதறினான். என்றாலும் எங்களுக்கு முழுதாக நம்பப் பயமாக இருந்தது. “டொக்டர் சொல்லட்டும்,” என்றேன்.

“சொல்லத்தான் போறார். நான் உன்னோட வாறன். இப்ப எழும்பி முகத்தைக் கழுவு, பிள்ளையள் பாக்குதுகள்.”

மூன்று நாளும் அக்கா என் வீட்டில் நின்றார். மீன் குழம்பு வைத்தார், பிள்ளைகளைக் குளிக்க வார்த்தார், சிரித்துப் பேசினார். அவர் சிரிப்பதைப் பார்த்தே நாங்கள் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, “பயப்பட ஒண்டும் இல்லை. இது பினைன். சாதாரண கட்டி,” என்றார். நான் வாய்விட்டு அழுதேன். அக்கா அவரிடம், “டொக்டர், அந்தச் சொல்லை இன்னொருக்காச் சொல்லுங்கோ. நான் இவ்வளவு காலமும் பிழையாச் சொல்லி வந்தனான்,” என்றார். டொக்டர் சிரித்துக்கொண்டே இரண்டு முறை சொல்லிக் காட்டினார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். பஸ் வந்தும் அக்கா ஏறவில்லை.

“என்னக்கா?”

“அந்தப் புத்தகத்தில நோயைப் பற்றி ஒண்டும் போடேல்லையடி. அன்பான, சாந்தமான, இதமான எண்டுதான் கிடந்தது. அன்பான நோய் ஆளைக் கொல்லாது எண்டு நானா நினைச்சுச் சொன்னனான். மூண்டு நாளா எனக்குச் சோறு இறங்கேல்லை.”

தெருவில் ஆட்கள் பார்க்கப் பார்க்க அக்கா அழுதார். அவர் பயந்ததை அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அந்தப் பயத்தை எங்களுக்குக் காட்டாமல் மூன்று நாள் சமைத்துப் போட்டிருக்கிறார். இது நடந்து பதினொரு வருடங்கள் ஆகின்றன. நான் சுகமாக இருக்கிறேன்.

கடைசி வருடங்களில் அக்காவுக்கு இருதய வருத்தம் இருந்தது. பாயில் நெடுநாள் கிடந்து மற்றவர்களைக் கஷ்டப்படுத்திவிடுவேனோ என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அப்படி நடக்கவில்லை. ஒரு காலை அத்தானுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று படுத்தார். பங்குச் சுவாமி வந்து எண்ணெய் பூசினார். தீவிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அவருக்கு நல்ல நினைவு இருந்தது. “வெயிலுக்கையா வந்தனீ? முதல் தண்ணி குடி,” என்றார். நான் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் நோவில்லாமல் அடங்கினார். துக்கத்துக்குள்ளும் எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அவரது இறுதி வேளையிலும் அதற்குப் பிறகும் துணைநின்ற எல்லோருக்கும் எங்கள் நன்றி. ஓடிவந்து செபித்த பங்குச் சுவாமிக்கும், பந்தலும் கதிரைகளும் அனுப்பிய சிலாவத்துறை நண்பர்களுக்கும், எட்டு நாளும் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட அயலவர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்லவேண்டும். அவர்கள் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா காலமான அந்த வாரத்தில்தான் வயல் வெட்ட வேண்டியிருந்தது. கதிர் முற்றிச் சாய்ந்து கிடந்தது, மழையும் கறுத்துக்கொண்டு நின்றது. செத்தவீட்டில் யாருக்கும் அந்த நினைவே வரவில்லை. எட்டாம் நாள் பூசை முடிந்து அத்தான் வயலுக்குப் போனார். வயல் வெட்டியாகியிருந்தது. நெல் மூட்டைகள் கொட்டிலுக்குள் அடுக்கித் தறப்பாளால் மூடிக் கிடந்தன. பாப்பாமோட்டைப் பக்கத்திலிருந்து வெட்டு மிஷினோடு சிலர் வந்துபோனதாக மட்டும் பக்கத்து வயல்காரர் சொன்னார்கள். அடுத்த நாள் மழை கொட்டியது. அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, எத்தனையோ நாளுக்குப் பிறகு, அயர்ந்து தூங்கினார்.